தாய்ப்பலகையில் உறுப்புகளைப் பொருத்தும் வினைச்சொற்கள்: கணினித் தமிழ் குறித்த ஒரு கலைச்சொல்லியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் அறிவியற் கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களை மையமாகக் கொண்டே வளர்ந்துள்ளது. கருவிகளுக்கும் உறுப்புகளுக்கும் தமிழ்ப் பெயர்கள் பல ஆக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கையாளும் செயல்களைக் குறிக்கும் வினைச்சொற்கள் அந்த அளவுக்குக் கருதப்படவில்லை. கணினியின் தாய்ப்பலகையில் செயலி, நினைவகம், சேமிப்பகம், மின்வடங்கள் முதலியவற்றைப் பொருத்தும் பணியைச் சான்றாகக் கொண்டு, அப்பணியின் ஒவ்வொரு படிக்கும் தமிழில் தனித்தனி வினைச்சொல் உண்டு என்பதையும், அவ்வினைகள் செலுத்த வேண்டிய விசையின் அளவையே பொருளாகச் சுமக்கின்றன என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. தன்வினை, பிறவினை வேறுபாடும் வேற்றுமை உருபுகளும் செய்முறைப் பாடத்தில் ஆற்றும் பணி இதில் ஆராயப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லியல், வினைச்சொல், தாய்ப்பலகை, தன்வினை, பிறவினை, வேற்றுமை உருபு, செய்முறைத் தமிழ், மறைமலை நகர்.

1. முன்னுரை

செங்கல்பட்டு மாவட்டத்தில் பெருந்தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள மறைமலை நகர், தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த மறைமலையடிகளின் (1876–1950) பெயரைத் தாங்கிய ஊர். அதற்கு அடுத்துள்ள சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்புதூர் செல்லும் சாலையின் இருமருங்கும் இன்று தமிழ்நாட்டின் முதன்மையான தொழிற்பகுதிகளுள் ஒன்றாக வளர்ந்துள்ளது. ஊர்திகளும் ஊர்தி உறுப்புகளும் மட்டுமன்றி மின்னணுப் பொருள்களும் இங்கு உருவாகின்றன. நோக்கியாவின் கைப்பேசி ஆலை 2006 முதல் 2014 வரை திருப்பெரும்புதூரில் இயங்கியது. டெல் நிறுவனம் 2007-இல் அதே பகுதியில் கணினி ஆலை ஒன்றைத் தொடங்கியது. 2023 அக்டோபரில் எச்பி நிறுவனமும் கூகுளும் இணைந்து குரோம்புக் மடிக்கணினிகளைச் சென்னைக்கு அருகிலுள்ள ஃபிளெக்ஸ் ஆலையில் தயாரிக்கத் தொடங்கின.

இவ்வாறு, பெயரிலேயே தமிழ்ச் சொல்லாக்கத்தின் வரலாற்றைக் கொண்ட ஓர் ஊரும் கணினி உறுப்புகள் தமிழர் கைகளால் இணைக்கப்படும் ஒரு தொழிற்பகுதியும் அருகருகே அமைந்துள்ளன. கணினியைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பாடம் அதைக் கையாள்பவருக்கு எந்த அளவு பயன்படுகிறது என்னும் வினாவை எழுப்புவதற்கு இது தக்க களமாகும்.

கைப்பழக்கம் சொல் இல்லாமலும் வந்துவிடும் என்று கூறப்படுவதுண்டு. ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் செய்வது எல்லாத் தொழில்களிலும் உள்ளதே. ஆயினும் பிழை நேர்ந்தபின் அஃது எந்தப் படியில், எத்தகைய செயலால் நேர்ந்தது என்று எடுத்துரைப்பதற்குச் சொல் வேண்டும். பார்க்காத ஒருவருக்குக் கற்பிப்பதற்கும் சொல் வேண்டும். தமிழ்வழியில் பயின்று தொழிற்பயிற்சிக்கு வரும் மாணவர்க்கு இவ்விரண்டு தேவைகளும் உள்ளன. அத்தேவையை நிறைவேற்றும் ஆற்றல் தமிழ் வினைச்சொற்களுக்கு உண்டா என்பதே இவ்வாய்வின் அடிப்படை வினா.

2. ஆய்வு எல்லையும் அணுகுமுறையும்

மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் உறுப்புகளைப் பொருத்துதல், புறக்கருவிகளை இணைத்தல் ஆகிய செயல்கள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ஒவ்வொரு செயலையும் அதன் இயங்கு முறையால் விளக்கி, அதற்குரிய வினைச்சொல்லை அகராதிப் பொருள், பொது வழக்கு, இலக்கண அமைப்பு ஆகிய மூன்று நிலைகளில் ஒப்பிடுவது இக்கட்டுரையின் முறை. புதிய சொற்களை ஆக்குவது இதன் நோக்கமன்று. உள்ள சொற்களை உரிய இடத்தில் வைப்பதே நோக்கம்.

பெயர்ச்சொற்களைப் பொறுத்தவரை, கலைச்சொல் தொகுப்புகளில் வழங்கும் தமிழ் வடிவங்களும் பொதுவழக்கில் நிலைபெற்ற கடன்சொற்களும் இரண்டுமே இங்கு ஆளப்படுகின்றன. சாக்கெட் எனப்படுவது பொருத்துவாய் என்றும், ஸ்லாட் எனப்படுவது செருகுவாய் என்றும், பின் எனப்படுவது முளை என்றும் குறிக்கப்பெறும்.

3. பெயர்ச்சொல்லை மையமாகக் கொண்ட மரபு

வேதாசலம் என்னும் தம் பெயரை அடிகள் மறைமலை என்று மாற்றிக்கொண்டது அனைவரும் அறிந்ததே. வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் பெயர்க்கப்பட்டன. அவருடைய இதழான ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க சங்கம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. இவை மூன்றும் பெயர்ச்சொற்கள். கூட்டுப் பெயரின் உறுப்புகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பெயர்த்தோ, முழுப்பெயரின் கருத்தைக் கொண்டோ ஆக்கப்பட்டவை. அடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தொகுத்த அகரவரிசையும் வடசொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் தருவதையே நோக்கமாகக் கொண்டது.

தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய 1916-ஆம் ஆண்டிலேயே சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கெனச் சங்கம் ஒன்றை அமைத்தனர். இரு முயற்சிகளின் மொழிக்கொள்கை வெவ்வேறு. ஆயினும் சொல்லாக்கம் என்பது பொருளுக்குப் பெயரிடுதல் என்னும் அளவில் இரண்டும் ஒன்றுபட்டன. அவற்றுக்கு முன்னரே யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் கிரீன் (1822–1884) மருத்துவ நூல்களைத் தமிழாக்கியபோதும், பின்னர் கணினித் துறைக்கு மணவை முஸ்தபா முதலியோர் சொல் தொகுத்தபோதும், இக்காலத்தில் அகரமுதலித் திட்ட இயக்ககம் சொற்குவைத் தளத்தை அமைத்தபோதும் இப்போக்கு பெரிதும் தொடர்ந்தது. ஆங்கிலச் சொல்லை இடப்பக்கமும் தமிழ்ச் சொல்லை வலப்பக்கமும் நிறுத்தும் பட்டியல் அமைப்பே பெயர்ச்சொல்லுக்கு ஏற்றது. வினைச்சொல்லின் பொருளோ தொடரில்தான் முழுமையாக விளங்கும்.

தாய்ப்பலகை என்னும் சொல்லே இம்மரபின் வெற்றிக்குச் சான்று. அது கடன் மொழிபெயர்ப்பாயினும் தமிழுக்கு அயலாகத் தோன்றவில்லை. சொத்து ஆவணங்களில் தாய்ப்பத்திரம் என்று வழங்குகிறோம். கிளை அமைப்புகளுக்கு மூலமானதைத் தாய்க்கழகம் என்கிறோம். பலவற்றுக்கு மூலமாகவும் பற்றுக்கோடாகவும் நிற்பதைத் தாய் என்னும் முன்னடையால் குறிப்பது மொழியில் வேரூன்றிய வழக்கம். ஆதலால் அச்சொல் பாடநூலில் எளிதாக நிலைபெற்றது. கடைத்தெருவில் அது மதர்போர்டு என்றும் சுருக்கமாகப் போர்டு என்றும் வழங்குவது வேறு செய்தி. பெயர் எதுவாயினும் கற்பவர் பலகையைக் கண்ணால் கண்டு தெரிந்துகொள்வார். செயல் அப்படியன்று; அதைச் சொல்லால்தான் பிரித்துணர்த்த வேண்டும்.

4. 'நிறுவுதல்' என்னும் பொதுவினை

ஆங்கிலக் கையேடுகளில் செயலியையும் நினைவகத்தையும் மென்பொருளையும் ஒரே வினையால் கூறும் வழக்கம் உண்டு. இன்ஸ்டால் என்னும் அவ்வினைக்குத் தமிழில் 'நிறுவு' என்பது நேர்ச்சொல்லாகக் கொள்ளப்பட்டது. அதனால் 'செயலியை நிறுவவும்', 'நினைவகத்தை நிறுவவும்', 'இயங்குதளத்தை நிறுவவும்' என்னும் தொடர்கள் தோன்றின.

நிறுவுதல் என்பது நிலைபெறச் செய்தல். சிலை, கழகம், கொள்கை ஆகியவற்றை நிறுவுகிறோம். மென்பொருளுக்கு இது பொருந்துகிறது. அங்குக் கையின் விசைக்கு இடமில்லை. கைப்படச் செய்யும் செயலுக்கோ இச்சொல் எதையும் தெரிவிப்பதில்லை. மேலிருந்து வைக்க வேண்டுமா, பக்கவாட்டில் நுழைக்க வேண்டுமா, அழுத்த வேண்டுமா, அழுத்தாதிருக்க வேண்டுமா என்னும் எதற்கும் அதில் விடையில்லை. படம் அருகில் இல்லாதபோது இத்தொடரைப் படிக்கும் மாணவர் தம் ஊகத்தால் செயற்படுவார். அடுத்து வரும் பகுதி காட்டுவதுபோல, ஊகம் தவறும் இடங்களில் உறுப்பு பழுதாகும்.

5. செயல்களும் அவற்றுக்குரிய வினைகளும்

5.1 செயலி: அமர்த்துதல், பூட்டுதல்

முற்காலச் செயலிகளின் அடிப்புறத்தில் முளைகள் இருந்தன. 2004-இல் இன்டெல் அறிமுகப்படுத்திய எல்ஜிஏ 775 பொருத்துவாய் முதல், அந்நிறுவனத்தின் மேசைக் கணினிகளில் அம்முளைகள் பலகையின் பக்கத்துக்கு மாறின. செயலியின் அடியில் தட்டையான தொடுபரப்புகள் மட்டும் நின்றன. ஏஎம்டி நிறுவனம் தன் பொதுவகை மேசைக் கணினிகளில் இம்மாற்றத்தை 2022-இல் ஏஎம்5 பொருத்துவாயில் கொண்டுவந்தது. பொருத்துவாயின் முளைகள் மயிரிழைபோல் மெல்லியவை. விரல் பட்டாலும் வளையக்கூடியவை.

எனவே செயலியை வைக்கும்போது விசை சற்றும் கூடாது. மூலையிலுள்ள முக்கோணக் குறியையும் விளிம்பிலுள்ள வெட்டுகளையும் ஒத்துப்பார்த்து, நேராக இறக்கி, தன் எடையாலேயே அமரவிட வேண்டும். இச்செயலுக்குரிய வினை 'அமர்த்து' என்பது. அமர்தல் என்பதில் தானே படிந்து நிலைகொள்ளுதல் என்னும் பொருள் உண்டு. அமுக்குதல் என்னும் பொருள் இல்லை.

அதற்கு அடுத்த படியில் உலோகச் சட்டத்தை மூடி நெம்புகோலை இறக்க வேண்டும். இதற்குக் கணிசமான விசை தேவை. முதன்முறை செய்பவர் செயலி உடைந்துவிடுமோ என்று அஞ்சிப் பாதியில் கையை எடுத்துவிடுவதுண்டு. இச்செயலுக்குரிய வினை 'பூட்டு'. ஏரில் மாட்டைப் பூட்டுதல், வில்லில் நாணைப் பூட்டுதல் என்பன போலப் பூட்டுதலில் இறுக்கமும் விசையும் உடன்கருத்தாக நிற்கின்றன. 'செயலியை நிறுவுக' என்னும் ஒரு தொடருக்குள், விசையே கூடாத ஒரு செயலும் விசை வேண்டிய ஒரு செயலும் மறைந்து கிடக்கின்றன. 'செயலியை அமர்த்துக, நெம்புகோலைப் பூட்டுக' என்றால் இரண்டும் பிரிகின்றன.

5.2 நினைவகம்: செருகுதல், அழுத்துதல்

ரேம் எனப்படும் நினைவகத் தகடு நீண்ட செருகுவாயில் செங்குத்தாக நிற்பது. செருகுதல் என்பது குறுகிய இடைவெளியில் ஒன்றை நுழைத்துத் தங்கச் செய்தல். கூந்தலில் பூவையும் இடைக்கச்சையில் கத்தியையும் செருகுவது பழைய வழக்கு. பேச்சில் சொருகு என்றும் வழங்கும். நுழையும் பொருள் தட்டையாகவோ மெலிந்தோ இருத்தலும், நுழைந்தபின் இருபக்கமும் பிடிபடுதலும் இவ்வினையின் கூறுகள். நினைவகத் தகட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வினை இல்லை.

செருகியபின் இரு முனைகளிலும் அழுத்த வேண்டும். கொக்கி மூடும் ஒலி கேட்கும்வரை அழுத்துதல் இன்றியமையாதது. கணினி இயங்காமைக்கு முழுவதும் அழுத்தப்படாத நினைவகம் பொதுவான காரணங்களுள் ஒன்று. ஆகவே இங்கு 'செருகி அழுத்துக' என்னும் இருவினைத் தொடர் வேண்டும். செயலிக்குக் கூடாத அழுத்தம் நினைவகத்துக்குத் தேவை என்னும் முரண்பாட்டை ஒரே பொதுவினை உணர்த்த இயலாது.

5.3 எம்.2 சேமிப்பகம்: சாய்த்துச் செருகுதல், படிய வைத்தல்

எம்.2 வகைச் சேமிப்பகம் சூயிங்கப் பட்டை அளவே உள்ள தகடு. ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் செருகி, பின் பலகைக்கு இணையாகப் படியவைத்து, மறுமுனையைச் சிறு திருகாணியால் நிறுத்த வேண்டும். செருகியவுடன் தகடு சற்று மேல்நோக்கி எழும்பி நிற்பது இயல்பு, அது பிழையன்று. இதை முன்னரே சொல்லாவிடில், சரியாகச் செருகவில்லை என்று கருதி மேலும் உள்ளே தள்ளுவர். 'சாய்த்துச் செருகுக, படியவைத்து முடுக்குக' என்னும் வினையெச்சத் தொடர் செயலின் ஒழுங்கை அப்படியே தருகிறது. முன்னிகழ்வை வினையெச்சத்தாலும் பின்னிகழ்வை முற்றாலும் உணர்த்தும் தமிழ்த் தொடரமைப்பு, படிப்படியான செய்முறைக்கு இயல்பாகவே ஏற்றது.

5.4 வடங்கள்: மாட்டுதல்

மின்வழங்கியிலிருந்து வரும் 24 முளை இணைப்பான், செயலிக்குரிய 8 முளை இணைப்பான், சாட்டா வடங்கள், விசிறி வடங்கள் ஆகியவை ஒருமுனையில் தொங்கி மறுமுனையில் பிடிபடுபவை. கடைகளிலும் பழுதுநீக்குமிடங்களிலும் இவற்றுக்கு 'மாட்டு' என்னும் வினையே வழங்குகிறது. இவ்வழக்கு மிகச் சரியானது. மாட்டுதலில் கொக்கியோ தாழோ பற்றிக்கொள்ளுதல் அடங்கும். சுவரில் படம் மாட்டுதல் போல எளிதில் எடுத்துவிடலாம் என்னும் குறிப்பும் உண்டு. 24 முளை இணைப்பானின் பக்கத்திலுள்ள தாழ் பலகையிலுள்ள பொருத்துவாயின் விளிம்பைப் பற்றுவது மாட்டுதலே.

'மாட்டு' என்பது பேச்சுச்சொல் என்று ஒதுக்கத்தக்கதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளுள் மாட்டும் ஒன்று. பிரிந்து கிடக்கும் சொற்களைப் பொருள் நோக்கிக் கொண்டுவந்து இணைக்கும் அமைப்பை அது குறிக்கிறது. இலக்கண நூலார் கலைச்சொல்லாக ஆண்ட வினையடியைக் கணினிப் பாடநூலார் தயங்கி விலக்க வேண்டியதில்லை.

5.5 பற்றவைத்தல்

மேற்கூறியவை அனைத்தும் மீளப் பிரிக்கத்தக்க இணைப்புகள். பலகை உருவாகும் ஆலையில் நிகழ்வது வேறு. அங்குப் பலகையின்மேல் பற்றாசுப் பசை அச்சிடப்பட்டு, நுண்ணுறுப்புகள் எந்திரத்தால் வைக்கப்பட்டு, உலையின் வெப்பத்தில் பசை உருகி ஆறும்போது உறுப்புகள் நிலையாகப் பற்றுகின்றன. சால்டரிங் எனப்படும் இச்செயலுக்குப் பற்றவைத்தல் என்பதும், அதற்குரிய உலோகக் கலவைக்குப் பற்றாசு என்பதும் பொன், செம்புத் தொழில்களிலிருந்து வந்த பழஞ்சொற்கள். மின்னணு ஆலைக்கெனப் புதுச்சொல் தேட வேண்டிய தேவை இங்கு இல்லை.

5.6 நீக்கும் வினைகள்

பொருத்தும் வினை ஒவ்வொன்றுக்கும் எதிரான நீக்கும் வினையும் மொழியில் உண்டு. செருகியதை உருவுகிறோம், மாட்டியதைக் கழற்றுகிறோம், பூட்டியதைத் திறக்கிறோம், முடுக்கியதைத் தளர்த்துகிறோம். 'அகற்றவும்' என்னும் ஒரே சொல்லால் இவற்றைக் கூறினால் முறை தெரியாது. தாழைத் தளர்த்தாமல் வடத்தை இழுப்பது பிடுங்குதல். 'கழற்றுக, பிடுங்கற்க' என்னும் எச்சரிக்கையில் இரு வினைகளின் பொருள் வேறுபாடே முழு விளக்கமாக அமைந்துவிடுகிறது.

6. தன்வினையும் பிறவினையும்

பொருந்து – பொருத்து, அமர் – அமர்த்து என்னும் இணைகளில் முன்னது தன்வினை, பின்னது பிறவினை. இணைந்தது – இணைத்தது, பதிந்தது – பதித்தது என்பவற்றில் அவ்வேறுபாடு காலங்காட்டும் வடிவில் வெளிப்படுகிறது. செய்முறைப் பாடத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தனிப் பணி உள்ளது. பிறவினை செய்ய வேண்டியதைக் கூறும். தன்வினை செய்தது முடிந்ததா என்பதைக் கூறும்.

பெரும்பாலான செய்முறைக் குறிப்புகள் பிறவினையோடு நின்றுவிடுகின்றன. 'நினைவகத்தைப் பொருத்தவும்' என்பதோடு பாடம் முடிகிறது. பொருந்தியதா என்று அறியும் வழி கூறப்படுவதில்லை. 'நினைவகத்தைச் செருகி அழுத்துக; கொக்கி தானே மூடிக்கொண்டால் நினைவகம் பொருந்திற்று' என எழுதினால், செயலும் அதன் நிறைவுக்கான சான்றும் ஒருங்கே கிடைக்கின்றன.

பொருத்துவதற்கு முன்னரும் தன்வினைக்கு இடம் உண்டு. மேசைக் கணினிக்குரிய டிடிஆர்4, டிடிஆர்5 நினைவகங்கள் இரண்டுக்கும் 288 தொடுமுனைகளே. எண்ணிக்கை ஒத்திருப்பினும் நடுவிலுள்ள வெட்டின் இடம் வேறு. ஒன்றன் செருகுவாயில் மற்றொன்று பொருந்தாது. அவ்வாறே செயலிக்குரிய 8 முளை மின்இணைப்பானும் வரைகலை அட்டைக்குரிய 8 முளை இணைப்பானும் தோற்றத்தில் ஒத்தவை. மின்முனைகளின் அமைப்பில் வேறானவை. பொருந்துவதையே பொருத்த வேண்டும். பொருந்தாததைப் பொருத்த முயல்வதே பழுதுக்கு வழி. இத்தொழிலின் தலையாய விதியைத் தமிழ் ஒரு மெல்லின, வல்லின மாற்றத்தில் வைத்திருக்கிறது.

7. வேற்றுமை உருபுகள் உணர்த்தும் இடமும் தொடர்பும்

வினைக்கு அடுத்து, அது கொள்ளும் வேற்றுமை உருபும் கருதத்தக்கது. கீழ்வரும் மூன்று தொடர்களை ஒப்பிடலாம்.

அ. நினைவகத்தைத் தாய்ப்பலகையில் செருகுக.
ஆ. வன்தட்டைத் தாய்ப்பலகையோடு இணைக்க.
இ. தாய்ப்பலகைக்கு மின்சாரம் கொடுக்க.

முதல் தொடரில் 'இல்' உருபு இடப்பொருள் தருகிறது. உறுப்பு பலகையின்மேலேயே தங்கும். இரண்டாவதில் 'ஓடு' உருபு உடனிகழ்ச்சிப் பொருளது. சாட்டா வன்தட்டு பெட்டியின் வேறோர் இடத்தில் நிற்க, வடத்தால் மட்டும் பலகையோடு தொடர்புறும். மூன்றாவதில் 'கு' உருபு கொடைப்பொருளது. 'வன்தட்டைத் தாய்ப்பலகையில் பொருத்துக' என்று எழுதினால், வன்தட்டுக்குப் பலகையின்மேல் இடம் தேட வேண்டியதாகும். எம்.2 சேமிப்பகமோ பலகையிலேயே செருகப்படுவது. ஒரே சேமிப்புப் பணியைச் செய்யும் இருவகைக் கருவிகளின் வேறுபாட்டை உருபு ஒன்றே தெளிவாக்குகிறது.

இக்காலத்தில் கருவிகளின் திரைகளிலும் மொழிபெயர்ப்புக் கையேடுகளிலும் 'கணினிக்கு இணைக்கவும்' என்னும் தொடர் காணப்படுகிறது. ஆங்கில முன்னிடைச்சொல்லை நான்காம் வேற்றுமையாகக் கொண்டதன் விளைவு இது. இணைத்தல் இருபொருள்களின் உடன்நிலையைக் குறிப்பது. அது 'ஓடு' அல்லது 'உடன்' என்பதையே வேண்டும். இவ்வகைப் பிழை சொற்பட்டியலால் திருந்தாது. வினை எந்த உருபைக் கொள்ளும் என்பதையும் கலைச்சொல் அகராதி குறிக்க வேண்டும்.

8. நிரனிறை: முகப்பு முளைகளின் ஒழுங்கு

பெட்டியின் முகப்பிலுள்ள ஆளி, மீட்டியக்கும் பொத்தான், விளக்குகள் ஆகியவற்றின் மெல்லிய கம்பிகளைப் பலகையின் விளிம்பிலுள்ள சிறு முளைத் தொகுதியில் மாட்டுவது கற்பவரைப் பெரிதும் குழப்பும் படி. இங்கு ஒவ்வொரு கம்பிக்கும் உரிய முளை வரிசைப்படி நிற்கிறது. ஆளிக்கும் மீட்டியக்கும் பொத்தானுக்கும் நேர்முனை, எதிர்முனை வேறுபாடு இல்லை. எப்படி மாட்டினும் இயங்கும். விளக்குகளுக்கு அவ்வேறுபாடு உண்டு. மாற்றி மாட்டினால் எரியா.

சொற்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்குரிய பயனிலைகளை மற்றொரு வரிசையிலும் நிறுத்தி முறையே கொள்ளச் செய்வதை நன்னூல் நிரனிறை என்னும் பொருள்கோளாகக் கூறுகிறது. தமிழ் மாணவர்க்கு அறிமுகமான இக்கருத்தைக் கொண்டு முகப்பு இணைப்பைக் கற்பிக்கலாம். பலகையின் கையேட்டிலுள்ள முளை வரிசையை மேலும், கம்பிகளின் பெயர் வரிசையைக் கீழும் எழுதி நேர்ப்படுத்தினால் மயக்கம் நீங்கும். யுஎஸ்பி 2.0 முளைத்தொகுதி பத்து இடங்களில் ஒன்பது முளைகளை மட்டுமே உடையது; விடுபட்ட ஓரிடமே திசையைக் காட்டும் அடையாளம். இலக்கணக் கல்வியும் தொழிற்கல்வியும் ஒன்றையொன்று தொடும் இடம் இது.

9. 'போடு', 'பண்ணு': வழக்கின் இயல்பு

பேச்சுவழக்கில் 'ரேம் போடு', 'பேஸ்ட் போடு', 'கனெக்ட் பண்ணு', 'லாக் பண்ணு' என்பன இயல்பாக வழங்குகின்றன. இவற்றைப் பிழை என்று தள்ளுவதைவிட, இவை செய்யும் பணியை நோக்குவது பயன் தரும். ஆங்கில வினையைப் பெயர்போல் நிறுத்திப் 'பண்ணு' என்னும் துணைவினையால் தமிழாக்குவது எந்த அயற்சொல்லையும் ஏற்கும் வழி. அதனாலேயே அது பொருள் நுட்பம் அற்றது. 'போடு' என்பதும் இடுதல், பூசுதல், செருகுதல் அனைத்துக்கும் பொது. எதிரே பலகை இருக்கும்போது இப்பொதுமை தடையன்று. கையும் கண்ணும் எஞ்சியதை நிரப்பிக்கொள்ளும். எழுத்தில் அவ்வுதவி இல்லை.

ஆனால் 'மாட்டு', 'சொருகு', 'கழட்டு', 'முடுக்கு' ஆகிய நுட்பமான வினைகளும் அதே பேச்சுவழக்கில்தான் உயிரோடு உள்ளன. பாடநூல் தமிழ் 'நிறுவு', 'இணை', 'அகற்று' என்னும் மூன்றோடு அமைந்துவிடும்போது, தொழிலாளர் வழக்கே சொல்வளத்தில் மேம்பட்டு நிற்கிறது. அயற்பெயரோடு தமிழ்வினை சேர்ந்த 'ரேமைச் செருகு' என்னும் தொடர், தமிழ்ப்பெயரோடு பொதுவினை சேர்ந்த 'நினைவகத்தை நிறுவு' என்பதைவிடச் செயலைத் தெளிவாக உணர்த்துகிறது. தூய்மையை நோக்கிய சொல்லாக்கம் பெயரில் வென்ற இடத்தில் வினையை இழந்துவிடக் கூடாது.

10. மாதிரிப் பாடம்

மேற்கண்ட ஆய்வின்வழி, தாய்ப்பலகையில் உறுப்புகளைப் பொருத்தும் பாடம் பின்வருமாறு அமையலாம்.

(1) மின்வடத்தைச் சுவரிலிருந்து கழற்றுக. உடலில் தேங்கும் நிலைமின்சாரம் ஏறத்தாழ 3000 வோல்ட்டை எட்டினால்தான் நம்மால் உணரப்படும். நுண்ணுறுப்புகளுட் சில 100 வோல்ட்டுக்கும் குறைவான அளவிலேயே பழுதாகும். ஆகவே மணிக்கட்டுப் பட்டையை அணிந்து அதை நிலத்தொடர்பில் வைக்க.

(2) செயலியின் முக்கோணக் குறியைப் பொருத்துவாயின் குறியோடு ஒத்துப்பார்த்து, அழுத்தாமல் அமர்த்துக. அசைவின்றிப் படிந்தால் செயலி அமர்ந்தது. பின் நெம்புகோலை அழுத்திப் பூட்டுக.

(3) நினைவகத்தின் வெட்டையும் செருகுவாயின் மேட்டையும் நேர்ப்படுத்திச் செருகுக. இருமுனையும் அழுத்துக. கொக்கி மூடினால் பொருந்திற்று.

(4) எம்.2 சேமிப்பகத்தைச் சாய்த்துச் செருகி, படியவைத்து, திருகாணியை முடுக்குக.

(5) செயலியின்மேல் வெப்பக்கடத்துப் பசையைச் சிறிதளவு இட்டுக் குளிர்விப்பானை வைத்து, எதிரெதிர்த் திருகாணிகளைச் சிறிது சிறிதாக மாறிமாறி முடுக்குக. விசிறியின் வடத்தை அதற்குரிய முளைகளில் மாட்டுக.

(6) பெட்டியிலுள்ள தாங்குமுளைகள் பலகையின் துளைகளுக்கு நேராக மட்டும் உள்ளனவா என்று பார்க்க. துளையில்லாத இடத்தில் நிற்கும் உலோக முளை பலகையின் அடியைத் தொட்டுக் குறுக்கு மின்னோட்டத்தை உண்டாக்கும். பின் பலகையைக் கிடத்தி முடுக்குக.

(7) 24 முளை, 8 முளை மின்வடங்களைத் தாழ் பற்றும்வரை மாட்டுக. சாட்டா வடத்தால் வன்தட்டைப் பலகையோடு இணைக்க. முகப்புக் கம்பிகளை நிரனிறையாக மாட்டுக.

(8) வரைகலை அட்டை இருப்பின் அதைச் செருகி முடுக்கி, திரையின் வடத்தைப் பலகையில் அன்றி அவ்வட்டையிலேயே மாட்டுக. விசைப்பலகை, சுட்டி முதலிய புறக்கருவிகளைப் பின்புறத் துறைகளில் செருகுக.

இப்பாடத்தில் 'நிறுவு' என்னும் வினை ஓரிடத்திலும் தேவைப்படவில்லை. கடன்பெயர்களை மாற்றி இட்டாலும் செயல் விளக்கம் குறைவதில்லை. வினையே இங்குப் பொருளின் பெரும்பகுதியைத் தாங்குகிறது.

11. முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகள் நான்கு. ஒன்று, தாய்ப்பலகைப் பணியின் ஒவ்வொரு படிக்கும் உரிய வினை தமிழில் முன்னரே உண்டு. அமர்த்து, செருகு, மாட்டு, பூட்டு, முடுக்கு, பற்றவை ஆகியவை விசையின் அளவாலும் இணைப்பின் உறுதியாலும் வேறுபடுகின்றன. இரண்டு, பிறவினையால் செயலையும் தன்வினையால் அதன் நிறைவையும் கூறும் தொடரமைப்பு செய்முறைப் பாடத்துக்கு ஏற்றது. மூன்று, வேற்றுமை உருபின் தேர்வு உறுப்பின் இருப்பிடத்தைத் தீர்மானிப்பதால் அதைக் கலைச்சொல்லின் ஒருபகுதியாகவே கொள்ள வேண்டும். நான்கு, தொழிலாளர் வழக்கிலுள்ள வினைகள் பாடநூலில் இடம்பெறத் தக்கவை.

கலைச்சொல் தொகுப்புகள் இனி வினைச்சொற்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்கி, ஒவ்வொரு வினைக்கும் அது கொள்ளும் உருபையும் எதிர்வினையையும் ஒரு மாதிரித் தொடரையும் தருதல் வேண்டும். அதற்குரிய சொற்கள் மறைமலை நகர் முதல் திருப்பெரும்புதூர் வரையுள்ள பட்டறைகளிலும் பயிற்சிக்கூடங்களிலும் நாள்தோறும் வழங்குகின்றன. தமிழ்த்துறைகள் அவற்றைக் கேட்டுத் தொகுக்குமானால், தமிழ்வழியில் பயின்று பலகையின்முன் நிற்கும் மாணவர் தம் கை செய்வதைத் தம் மொழியிலேயே சொல்லவும், பிறர்க்குக் கற்பிக்கவும், பிழை நேர்ந்தால் அதன் இடத்தைச் சுட்டவும் இயலும்.